நுவரெலியா சீசன் நமக்கும்தான்

ஏப்ரல் பிறந்தால் ஹட்டன் பக்கமிருந்தும் கம்பளைப் பக்கமிருந்தும் மேலே ஏறும் வாகனங்கள் எல்லாம் நுவரெலியாவில்தான் போய் நிற்கின்றன. கொழும்பு, நீர்கொழும்பு, கல்முனை என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர் வசந்த காலக் கொண்டாட்டம். ஆனால் அந்தப் பெயர் பதாகைகளில் மட்டும்தான். தோட்டத்துப் பாட்டி முதல் பஸ் கொண்டக்டர் வரை எல்லோருக்கும் அது 'சீசன்'.

இந்த மலைகளிலேயே பிறந்து வளர்ந்த நம்மில் பலர் சீசனைப் போய்ப் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "அது காசுக்காரர்களுக்கு உரியது." மற்றது, "பொம்பளைப் பிள்ளைகளை அந்தச் சனத்துக்குள்ளே எப்படி அனுப்புவது?" இரண்டுமே ஒதுக்கிவிடக்கூடிய பேச்சுகள் அல்ல. ஆனாலும் இரண்டுக்கும் மறுமொழி உண்டு. பெற்றோரும் வாசிக்கும் சஞ்சிகை என்பதால் இதைக் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஏன் ஏப்ரல்? புவியியல் படிக்கும் தோழிகளுக்கு இது தெரிந்திருக்கும். ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் இருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வருவதற்கு மே மாதம் ஆகும். காற்றும் இல்லை, மேலே வெயில். கொழும்பு வேகிறது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். எனவே கீழே 32 பாகை என்றால் மேலே 20 அளவில்தான். இந்தப் பன்னிரண்டு பாகை வித்தியாசம்தான் சீசனின் மூலதனம். ஆங்கிலேயர் இதைக் கண்டுகொண்டார்கள்.

ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் நீரை மறித்து ஏரி அமைத்தார். 1876இல் தோட்டத்துரைமாருக்காக ஹில் கிளப் தோன்றியது. அதில் இந்நாட்டவர் நெடுங்காலம் உறுப்பினராக முடியவில்லை. 1885இல் ரயில் நானுஓயாவுக்கு வந்ததும், கொழும்பில் வேர்த்துப்போன அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும் மேலே ஏறி வரத் தொடங்கினார்கள். குதிரை ஓட்டம், மலர்க் கண்காட்சி, நடன விருந்து எல்லாம் அவர்களுக்காகவே. அவர்கள் நடந்த வீதியை வெட்டியவர்கள், அவர்கள் தோட்டத்துக் கொழுந்தைப் பறித்தவர்கள் யாரும் அந்த விருந்துக்கு அழைக்கப்படவில்லை. "அது நமக்கில்லை" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு அத்தனை வயது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது யாரும் தடுப்பதில்லை. சீட்டுத்தான் தடுக்கிறது. விக்டோரியா பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு, கிரகரி ஏரிக்கரைப் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு, படகுக்கு வேறு, மட்டக்குதிரைச் சவாரிக்கு வேறு. ஐந்து பேருள்ள குடும்பம் எல்லாவற்றையும் செய்து பார்க்கப் போனால் வாப்பாவின் முகம் மாறிவிடும். ஆகவே எது சீட்டில்லாதது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

சீசன் தொடங்குவதே இலவச நிகழ்ச்சியுடன்தான். ஏப்ரல் முதலாம் திகதி பாடசாலைகளின் பேண்ட் வாத்தியக் குழுக்கள் நகரில் அணிவகுத்து வரும். வீதியோரத்தில் நின்றால் போதும். சீசன் முழுவதிலும் எனக்குப் பிடித்தது இதுதான். காரணம், அங்கே வாசிப்பவர்கள் வெளியூரார் அல்ல, இந்த மாவட்டத்துப் பிள்ளைகள். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வரிசையில் பார்க்கலாம். முரசு அடிக்கும் சிறுமி ஒருத்தி, குளிரில் விறைத்த விரல்களை இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் வாயால் ஊதிக்கொள்வாள். அன்று வெளியூர்க் கூட்டமும் அவ்வளவாக இருக்காது. பெரிய கூட்டம் புத்தாண்டை ஒட்டித்தான் வரும்.

ஏரிக்கரைப் பூங்காவுக்குள் போகச் சீட்டு வேண்டும் என்றேன். ஆனால் ஏரியைப் பார்க்க வேண்டாம். பதுளை வீதியோரமாக நடந்தால் ஏரி கூடவே வரும். காலை ஏழு மணிக்குத் தண்ணீரின் மேல் பனி எழும்பி நிற்பது அங்கிருந்தே நன்றாகத் தெரியும். பூங்கா திறக்கும் நேரத்தில் அந்தப் பனி போய்விடும் என்பது வேறு விடயம். ஏரி அழகுக்காக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1913இல் இதன் நீரைக் கொண்டு பிளாக்பூல் என்ற இடத்தில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து நகருக்குள் வந்தால் 1894ஆம் ஆண்டுத் தபால் கந்தோர் நிற்கிறது. செங்கல் கட்டடம், மணிக்கூட்டுக் கோபுரம். முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். ஆனால் அது இன்னமும் தபால் கந்தோர்தான், உள்ளே போகலாம். ஒரு முத்திரை வாங்கி உம்மாவின் பெயருக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். படகுச் சவாரியைவிட மலிவு, வீட்டுக்கு வந்து சேரும்போது இன்னொரு முறை சந்தோஷம்.

ஒரேயொரு சீட்டு வாங்கத்தான் முடியும் என்றால் விக்டோரியா பூங்காவுக்கு வாங்குங்கள் என்பேன். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காகப் பெயரிடப்பட்ட பூங்கா. சீசனுக்காகப் பாத்திகளில் மலரும் பூக்களைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் பறவை பார்ப்பவர்கள் உலகின் பல நாடுகளிலிருந்தும் இங்கே வருவது பூவுக்காக அல்ல. இந்தியாவிலிருந்து குளிர்காலத்தில் வந்து தங்கும் ஆறுமணிக் குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்றவை நகரின் நடுவே உள்ள இந்தச் சின்னஞ்சிறு சோலையில் கிடைக்கும். அவை திரும்பிப் போகும் காலமும் ஏப்ரலை ஒட்டித்தான். மாதத் தொடக்கத்தில் போனால் கடைசிக் குருவியையாவது காணலாம்.

குதிரை ஓட்டத்தைப் பற்றி நம் வீடுகளில் தயக்கம் உண்டு. அது நியாயமான தயக்கம். பந்தயம் கட்டுவது சூது, அது நமக்கு ஹராம் என்பதில் பேச்சே இல்லை. ஆனால் குதிரை ஓடுவது ஹராம் அல்ல. பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து தனிய்யதுல் வதாஃ வரை ஓடவிட்டு நபி (ஸல்) அவர்கள் போட்டி நடத்தியதாகப் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. சூதாடும் இடத்துக்குள் போகாமலே, ஓடுகளத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் நின்று குதிரைகளின் காலைப் பயிற்சியைப் பார்க்க முடியும். மூச்சு ஆவியாகப் பறக்க அவை வளைவில் திரும்பும் அழகுக்கு யாரும் காசு கேட்பதில்லை.

இனி, இரண்டாவது மறுமொழிக்கு வருகிறேன். மகாகஸ்தொட்ட தேயிலைத் தோட்டத்தில் 1934 முதல் நடந்துவரும் மோட்டார் மலையேற்றப் போட்டியைப் பார்க்க நானாமார் விடியற்காலையிலேயே போய்விடுகிறார்கள். ராதெல்லவுக்கும் போகிறார்கள். தங்கைமார் பின்னேரம் அவர்களுடைய போனில் வீடியோ பார்க்கிறார்கள். பல வீடுகளில் இதுதான் நடைமுறை. பெற்றோரின் பயம் எனக்கு விளங்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் உடையைப் பார்த்தே திரும்பிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கூட்டத்தில் இடிப்பவர்கள் எந்த ஆண்டிலும் இருக்கிறார்கள். ஆனால் இன்னொரு ஹதீஸும் புகாரியில்தான் இருக்கிறது. ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் ஈட்டிகளை வைத்து விளையாடிக் காட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களைத் தமக்குப் பின்னால் நிற்கவைத்து, அவர்களாகவே "போதும்" என்று சொல்லும்வரை பார்க்கவிட்டார்கள். இலவச நிகழ்ச்சி, பருவத்துக்குரிய நிகழ்ச்சி, இளம் பெண் ஒருவர் பார்வையாளர். அருகில் வீட்டு ஆண் ஒருவர் பொறுமையாக நின்றிருக்கிறார். வாப்பாமாரிடமும் நானாமாரிடமும் நாங்கள் கேட்பது அந்தப் பொறுமையைத்தான்.

போவதென்று முடிவானால் சில விபரங்கள். புத்தாண்டுக்கு முந்திய வார நாட்களில் போவது சிறந்தது. 12ஆம் திகதிக்குப் பிறகு நானுஓயாவிலிருந்தே வாகன நெரிசல் தொடங்கிவிடும். அந்த நாட்களில் தோட்டத்திலிருந்து ஒரு நோயாளியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. நாமும் அந்த வரிசையில் இன்னொரு வாகனமாக இருக்க வேண்டியதில்லை. பஸ்தான் நல்லது. ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடியுடன் மழை வரும் என்பதால் முதல் பஸ்ஸில் போய், மழைக்கு முன் திரும்பும் யோசனையோடு போக வேண்டும். எங்கள் வீட்டில் சோற்றுப் பார்சலும் ஒரு போத்தல் பிளேன்டீயும் கட்டிக்கொண்டு போவோம். சீசன் கடைகளில் சாப்பிட்டால் மிச்சம் பிடித்த சீட்டுக் காசெல்லாம் அங்கே போய்விடும். பொதுக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைப் போனவுடனே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுடைய பயணம் பாதியில் கெடுவது பெரும்பாலும் இதனால்தான், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லுஹர் தொழுகைக்கு நகரப் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடவசதி எப்படி என்று தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது. கட்டிக்கொண்டு போன பார்சல் தாளை வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள். சீசன் முடிந்த பிறகு அந்தக் குப்பையோடு இருக்கப்போவது நாம்தான்.

நோன்பைப் பற்றி ஒரு கணக்கும் இருக்கிறது. 2020 முதல் 2024 வரை ஐந்து ஆண்டுகளும் ரமழானின் சில நாட்களாவது ஏப்ரலில் வந்தன. நோன்பு பிடித்துக்கொண்டு சீசன் பார்ப்பது எப்படி? நம் மாதங்கள் ஆண்டுக்குப் பதினொரு நாளளவில் முன்னே நகர்வதால், ரமழான் ஏப்ரலைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடி அது ஏப்ரலுக்கு வர ஏறக்குறைய முப்பது ஆண்டாகும். அப்போது எங்கள் பிள்ளைகள் உயர்தரம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நுவரெலியா நகரம்வரை போகவே முடியாதவர்களுக்கு வழியே போதும். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியில் டெவன் நீர்வீழ்ச்சி 97 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அதைத் தாண்டி 80 மீற்றர் உயரமான சென் கிளயர் வருகிறது. அகலமாக, வெள்ளைத் துணி விரித்ததுபோல. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு சென் கிளயருக்கு வரவேண்டிய நீர் சுரங்க வழியாகத் திருப்பப்படுகிறது. பகலில் மட்டும் அளந்து விடுகிறார்கள். ஆகவே இந்த நீர்வீழ்ச்சிக்கும் வேலை நேரம் உண்டு. அந்திக்குப் பிறகு போனால் ஏமாற்றம்தான்.

ஹட்டன் பக்கத்தாருக்கு இன்னொரு சீசனும் வாசலிலேயே இருக்கிறது. மார்கழிப் பௌர்ணமிக்குத் தொடங்கி வெசாக் பௌர்ணமியில் முடியும் மலையேற்றக் காலம் அது. சிங்களவர் ஸ்ரீ பாத என்பார்கள், தமிழர் சிவனொளிபாதமலை என்பார்கள், நாம் பாவாதமலை என்போம். 2,243 மீற்றர். பருவ நாட்களில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நேரே பஸ் ஓடும். நல்லதண்ணி வழியில் ஏறச் சீட்டு இல்லை. படிகள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். அது நமக்கு மார்க்கக் கடமை ஒன்றும் அல்ல. ஆனால் நம்மவர்களில் உலகப் புகழ்பெற்ற பயணி இப்னு பதூதா 1344இல் அங்கே ஏறியிருக்கிறார். பாறையில் பொருத்திய இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதை எழுதிவைத்திருக்கிறார். மேலே போக இரண்டு பாதைகள் இருந்தன என்கிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. அதாவது ஆதம் (அலை) அவர்களின் பெயரில் ஒன்று, ஹவ்வா (அலை) அவர்களின் பெயரில் ஒன்று. மாமா பாதை இலகுவானது. அதனால் அந்த வழியால் மட்டும் போய் வந்தவரை மலையேறியவராக யாரும் கணக்கில் எடுப்பதில்லையாம். பெண் பெயர் வைத்த பாதைக்கு அன்றே மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள்.

ஏறுபவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு புறப்பட்டால் சூரியோதயத்துக்கு உச்சியில் இருக்கலாம். எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சூரியன் எழும்பிய சில நிமிடங்களுக்குள் திரும்பி மேற்கே பாருங்கள். மலையின் நிழல் மூடுபனியின் மேல் பெரிய முக்கோணமாக விழுந்து கிடக்கும். சூரியன் ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே வந்து, மலையடிக்குள் போய்விடும். கம்பளிச் சட்டையும் தொப்பியும் மேலே தேவை. இறங்கும்போது முழங்காலுக்கு ஒரு தடியும்.