காற்றிலிருந்து குடிநீர்: சேரிக்கு இன்னொரு தனிக் கிணறா?

காற்றில் உள்ள ஈரத்தைக் குடிநீராக மாற்றும் இயந்திரங்கள் நம் நாட்டிலும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. 2022இல் மும்பையின் சில ரயில் நிலையங்களில் 'மேக்தூத்' என்ற பெயரில் இவை நிறுவப்பட்டு, தண்ணீர் விற்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'வாயுஜல்' நிறுவனமும் இத்தகைய கருவிகளைத் தயாரிக்கிறது. ஆற்றையோ கிணற்றையோ ஊர்த்தெருக் குழாயையோ சாராத தண்ணீர் என்பதால், சாதியின் கை எட்டாத தண்ணீர் இது என்று நம்பத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் திண்டுக்கல் சமவெளியில் நின்று பார்ப்போம்.

இயந்திரம் செய்வது என்ன?

குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். இயந்திரமும் அதையே செய்கிறது. விசிறி காற்றை உள்ளிழுக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் உள்ளது போன்ற கம்ப்ரசர் உலோகச் சுருள்களைக் குளிர்விக்கிறது. சுருளில் படியும் நீர் வடிகட்டப்பட்டு, தாதுக்கள் சேர்க்கப்பட்டுக் குடிநீராகிறது.

இயந்திரத்தின் கொள்ளளவாக விளம்பரங்களில் தரப்படும் அளவு, பெரும்பாலும் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றைக் கொண்டு கணக்கிடப்பட்டது. அத்தகைய காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 24 கிராம் நீர் உண்டு. அதை நான்கு டிகிரி குளிர்வித்தாலே நீர் துளிர்க்கத் தொடங்கும். கடற்கரை நகரங்களுக்கு இது பொருந்தும். வெப்பம் 38 டிகிரியாகவும் ஈரப்பதம் 30 விழுக்காடாகவும் உள்ள கோடைப் பகலில் அதே அளவு காற்றில் 14 கிராம் நீரே இருக்கும். முதல் துளியைக் காணவே 20 டிகிரிக்கு மேல் குளிர்விக்க வேண்டும்.

திண்டுக்கல் சமவெளி மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையை இறக்கிவிட்டு வறண்ட காற்றாகவே இங்கு வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் காற்றில் ஈரம் மிகும். ஆகவே, குளங்களில் நீர் சேரும் மாதங்களில் இயந்திரம் நிறையத் தரும். காலிக் குடங்களோடு பெண்கள் காத்துநிற்கும் கோடையில் குறைவாகவே தரும்.

மின்கட்டணம் யார் பொறுப்பு?

சாதகமான ஈரப்பதத்திலேயே ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதும். காற்றிலிருந்து அதே ஆயிரம் லிட்டரை எடுக்க 300 முதல் 400 யூனிட் வேண்டும். நூறு குடும்பங்கள் வாழும் ஒரு காலனியில் வீட்டுக்குப் பத்து லிட்டர் வீதம் கொடுத்தால், யூனிட்டுக்கு 8 ரூபாய் என வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 72,000 முதல் 96,000 ரூபாய் வரை மின்கட்டணம் மட்டுமே ஆகும். ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. இங்கோ ஒரு குடும்பத்துக்கே பத்து லிட்டர்தான்.

மின்சாரமே தேவைப்படாத வழிகளும் ஆராயப்படுகின்றன. இரவில் ஈரத்தை உறிஞ்சி, பகல் வெயிலில் அதை வெளிவிடும் நுண்துளைப் பொருள்களை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஓமர் யாகி 2025இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் ஜோர்டானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்து, எப்போதோ வரும் தண்ணீரைப் பிடித்துவைத்து வளர்ந்தவர். அவரது அறிவியலை நாம் மதிக்கிறோம். ஆனால் ஓர் ஊரின் தேவைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

கெட்டுப்போன கிணறுகளின் கணக்கு

திண்டுக்கல்லில் மாற்று நீரைத் தேட வேண்டிய நிலை மழைக்குறைவால் மட்டும் வந்ததன்று. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஓர் ஆய்வை எடுத்துக்காட்டுகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. காரணம், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் நீர் தேவை என்பதையும் அத்தீர்ப்பு பதிவுசெய்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், சூழலையும் மீட்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.

தோல் தொட்டிகளில் இறங்கி உழைத்தோரில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். கெட்ட நிலத்தடி நீருக்கு மாற்றாகக் கேன் தண்ணீர் வாங்க வழியற்றவர்களும் அவர்களே. நிலத்தடி நீரை மீட்கும் பொறுப்பைக் கைவிட்டு, காற்றுநீர் இயந்திரம் ஒன்றை நன்கொடையாக நிறுத்துவது இழப்பீடு ஆகாது.

தனிக் கிணற்றின் பாடம்

இதைவிட ஆழமான கவலை ஒன்றும் நமக்கு உண்டு. 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிக் கிணறுகள் வெட்டியது. அவை தாகத்தைத் தணித்தன; ஆனால் பொதுக்கிணறு ஊர்த்தெருவுக்கே உரியது என்ற வழக்கத்தை அசைக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது வேறு நீர்நிலை இல்லாததால் அன்று; பொதுநீரில் சமவுரிமையை நிலைநாட்டவே. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கிணறுகளையும் குளங்களையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுவதும் அதனால்தான்.

தனியாக வைத்தால் பாதுகாப்பு என்பதும் மெய்யன்று. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டது தலித் மக்களுக்கான மேல்நிலைத் தொட்டியில்தான்.

ஆகவே இயந்திரமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஃபுளோரைடு மிகுந்த பகுதிப் பள்ளிகளிலும், குழாய்நீர் தடைப்படும் அவசரக் காலங்களிலும் அது உதவக்கூடும். அது வருமிடத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: ஊருக்கும் காலனிக்கும் பொதுவான இடத்தில் நிற்குமா? மின்கட்டணத்தையும் பழுதுநீக்கும் செலவையும் ஊராட்சி ஏற்குமா? கோடையில் எவ்வளவு நீர் தந்தது என்ற கணக்கு கிராமசபையில் வைக்கப்படுமா? அதைக் காட்டிக் காலனிக்கு வர வேண்டிய காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு தள்ளிப்போடப்படுமா?

இறுதிக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுத்துமூலம் விடை கிடைத்த பிறகே முந்தைய கேள்விகளைப் பேச வேண்டும். அந்த விடை வரும்வரை, நமது முதற்கோரிக்கை ஊர்த்தெருவில் வரும் அதே குழாய், அதே நேரம், அதே நீர்.