கொழுப்பும் உயிரின் எல்லையும்

உலக வழக்கிலே 'கொழுப்பு' என்னுஞ் சொல் நற்பெயர் பெற்றதன்று. செருக்குற்றவனைக் 'கொழுப்பெடுத்தவன்' என்பர். மருத்துவரும் கொழுப்பைக் குறைக்குமாறே பெரும்பாலும் அறிவுறுத்துவர். மாணவரோ, அஃது உடலிற் சேமிக்கப்படும் ஒரு சத்திப்பொருள் என்று மனனஞ்செய்த அளவில் அமைவர். ஆயின், உயிர்க்கலம் ஒவ்வொன்றையும் புறவுலகினின்றும் பிரித்து, அதற்கோர் அகமும் புறமும் வகுத்தளிப்பது இக்கொழுப்பினமே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொழுப்பு, எண்ணெய், மெழுகு, கொலெஸ்தரோல் முதலியனவெல்லாம் இலிப்பிட்டு என்னும் ஒரே இனத்துள் அடங்கும். இவற்றின் அமைப்பு பலவகைப்படும். ஆயினும் நீரிற் கரையாமையும் ஈதர், குளோரோபோம் போன்ற திரவங்களிற் கரைதலும் இவற்றுக்குப் பொதுவியல்பாகும். தாமரையிலைமேல் நீர் ஒட்டாது உருள்வதற்கு அவ்விலையின் நுண்ணிய முகைப்புகளோடு அவற்றைப் போர்த்திய மெழுகும் காரணமாகும்.

கொழுப்பும் எண்ணெயும் ஒரு கிளிசரோல் மூலக்கூறோடு மூன்று கொழுப்பமில மூலக்கூறுகள் இணைவதால் உண்டாவன. கொழுப்பமிலமாவது காபன் அணுக்கள் தொடர்ந்த நீண்ட சங்கிலி. இரட்டைப் பிணைப்பில்லாத நிரம்பிய சங்கிலிகள் நேராக நின்று நெருங்கி அடுங்குவன. இரட்டைப் பிணைப்புள்ள நிரம்பாத சங்கிலிகளோ பெரும்பாலும் வளைந்து நிற்றலின் அங்ஙனம் நெருங்கா. நிரம்பிய அமிலங்கள் மிக்க தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை சதமவெப்பத்தின் கீழ் உறையும். ஆதலின் யாழ்ப்பாணத்தில் ஓடும் எண்ணெய் நுவரெலியாவின் குளிரில் கட்டியாகின்றது. நல்லெண்ணெயோ அங்கும் உறைவதில்லை. ஒரு கிராம் கொழுப்பு ஏறக்குறைய 9 கிலோகலோரி சத்தியைத் தரும். மாப்பொருள் 4 கிலோகலோரியே தரும். மேலும், கொழுப்பு நீரைச் சேர்த்துக்கொள்ளாமலே சேமிக்கப்படுதலின் அதன் சுமையுங் குறைவு.

மூன்று கொழுப்பமிலங்களுள் ஒன்றினிடத்தைப் பொசுபேற்றுக் கூட்டமொன்று பெறின் பொசுபோலிப்பிட்டு உண்டாகும். அதன் தலை நீரை நாடும். இரு வால்களும் நீரை வெறுக்கும். இத்தகைய மூலக்கூறுகள் நீரினுள் இடப்படின், வால்கள் நீருக்கு அஞ்சினவைபோல் ஒன்றையொன்று நோக்கித் திரும்பும்; தலைகள் இருபுறமும் நீரைத் தொட்டு நிற்கும். இங்ஙனம், ஒருவருங் கட்டாமலே ஈரடுக்குச் சுவரொன்று தானாக எழுகின்றது.

கலத்தின் சுவர் இத்தகையதே என்பது எங்ஙனம் அறியப்பட்டது? இலண்டனிலுள்ள கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெய் ஏறக்குறைய அரை ஏக்கர் பரந்ததைப் பெஞ்சமின் பிராங்கிளின் 1774 இல் வெளியிட்டார். அப்படலத்தின் தடிப்பு ஒரு மூலக்கூற்றின் நீளமளவினது என்பது பிற்காலத்துக் கணிப்பு. இவ்வியல்பைத் துணைக்கொண்டு ஒல்லாந்தின் இலெய்டன் நகரில் கோற்றர், கிரெண்டல் என்னும் இருவர் 1925 இல் செங்குருதிக் கலங்களின் இலிப்பிட்டைப் பிரித்தெடுத்து நீர்மேற் பரப்பி அளந்தனர். முலையூட்டிகளின் செங்குருதிக் கலத்தில் உள்மென்சவ்வுகள் இல்லையாதலின் கிடைத்த இலிப்பிட்டு முழுவதும் புறமென்சவ்வினுடையதே. பரவிய பரப்பு கலங்களின் மேற்பரப்பைப் போல் இருமடங்காயிருந்தது. எனவே மென்சவ்வு ஈரடுக்குடையது என அவர்கள் துணிந்தனர். அவர்கள் இலிப்பிட்டை முற்றாகப் பிரித்தெடுக்கவில்லை. கலத்தின் பரப்பையுங் குறைவாகவே கணித்தனர். இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்தமையால் முடிவு சரியாயிற்று என்பது பின்னர்ப் புலனாயிற்று.

இச்சுவர் கற்சுவர்போல் அசைவற்றதன்று. அதன் மூலக்கூறுகள் தத்தம் அடுக்கில் இடையறாது இயங்குவன. புரதங்கள் அதனிடையே பதிந்து கிடப்பன. இக்கருத்தைச் சிங்கர், நிக்கல்சன் என்போர் 1972 இல் நிறுவினர். குளிர்நீர் மீன்களின் மென்சவ்வுகளில் நிரம்பாத அமிலங்கள் மிகுந்திருத்தல் அவை குளிரில் விறைக்காமைப்பொருட்டே. விலங்குக் கலங்களில், பலரும் அஞ்சும் கொலெஸ்தரோலே மென்சவ்வு மிக நெகிழாமலும் மிக இறுகாமலும் காக்கின்றது. வெல்லமும் உப்பயன்களும் இச்சுவரை எளிதிற் கடக்கமாட்டா. புரதங்களாகிய வாயில்கள் வழியே அவை செல்லும். எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்னுந் தெரிவு கலத்துக்கு வாய்ப்பது இதனாலேயே.

எனவே, அளவு மிஞ்சிய கொழுப்புத் தீதெனக் கற்பிக்கும் ஆசிரியர், கொழுப்பின்றேல் கலமில்லை என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும். உயிர் நீரிலே தோன்றிற்று என்பர். அந்நீரோடு கலந்து கரைந்துபோகாமல் அதனைத் தனித்து நிற்கச்செய்வது நீரோடு சேராத இப்பொருளே.