பாட்டைப் பகிர்ந்து கேட்போம்

தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிவது தமிழரின் வாழ்வு என்று பெரியோர் கூறுவர். பிறப்பு முதல் இறப்பு வரை நம்மோடு வரும் பாட்டு, ஒருவர் தனித்துக் கேட்பதற்காக மட்டும் பிறந்ததன்று. தாய் பாடும் தாலாட்டை வீடே கேட்கிறது. நாற்று நடும் பெண்களில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். நம் திருவண்ணாமலையில் மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டியார் வீதி வீதியாகப் பாடிச் செல்கிறார்கள். அதே குளிர்காலத்து இரவுகளில் நம் பங்கின் பாடகர் குழுவினர் வீடு வீடாகச் சென்று கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடுகிறார்கள். பலர் கூடிப் பகிர்ந்து கொள்ளும் செல்வமாகவே பாட்டு நம்மிடையே வாழ்ந்து வந்திருக்கிறது.

இன்றோ ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு கைபேசிகளில் நான்கு பாடல்களைக் கேட்கின்றனர். அக்காவின் காதில் ஒலிப்பது தங்கைக்குத் தெரியாது. கேட்கும் பாடல்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது; கூடிக் கேட்கும் வழக்கமோ குறைந்துவிட்டது. இந்நிலையில், வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் நம் இசை மன்றத் தோழியர் கூடி, தமக்குப் பிடித்த பாடல்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்து கொள்கிறோம். "இதனால் என்ன பயன்? பொழுதுபோக்குத்தானே?" என்று சிலர் கேட்கின்றனர். இதற்கு விடை காண, வானொலிக் காலத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கதவை மூடியபோது நடந்தது

1952-ஆம் ஆண்டு டாக்டர் பி.வி. கேஸ்கர் மத்திய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். அவர் சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். மக்களின் ரசனையை உயர்த்த வேண்டும் என்பது அவர் நோக்கம். அதே 1952-இல் தேசிய இசை நிகழ்ச்சியும், 1954-இல் ஆகாசவாணி சங்கீத சம்மேளனமும் வானொலியில் தொடங்கின. பெரும் வித்துவான்களின் கச்சேரி, வானொலிப் பெட்டி இருந்த வீடுகளுக்கெல்லாம் சென்றது. இவை அவர் காலத்து நற்பணிகள் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அதே வேளையில் சினிமாப் பாடல்கள் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றின் நேரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதையும் நிறுத்தினர். படத் தயாரிப்பாளர்கள் சினங்கொண்டு, பாடல்களை ஒலிபரப்பும் அனுமதியைத் திரும்பப் பெற்றனர்.

மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள்! இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக அமைக்கப்பட்ட ஆற்றல் மிக்க ஒலிபரப்பி ஒன்று 1949-இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. அதன் சிற்றலை ஒலிபரப்பு இந்தியா முழுவதும் கேட்டது. இங்கே மூடப்பட்ட பாடல்கள் அங்கிருந்து கடல் கடந்து வந்தன.

புதன்கிழமை இரவு எட்டு மணி

1952 டிசம்பர் 3-ஆம் நாள் இலங்கை வானொலியில் 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி தொடங்கியது. பினாக்கா என்பது ஒரு பற்பசையின் பெயர். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் அமீன் சயானி. பம்பாய் தூய சவேரியார் கல்லூரியில் பயின்ற அவருக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. பம்பாயில் பதிவு செய்த ஒலிநாடா கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து புதன்கிழமைதோறும் ஒலிபரப்பாயிற்று.

முதலில் அது ஒரு போட்டியாக இருந்தது. ஏழு பாடல்களை முன்பின்னாக ஒலிபரப்புவார்கள். அவற்றைக் காலவரிசைப்படி சரியாக அடுக்கி எழுதுவோருக்கு நூறு ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்றும், பின்னர் அது வாரத்துக்கு 65,000 வரை உயர்ந்தது என்றும் அமீன் சயானியே கூறியிருக்கிறார். இத்தனை கடிதங்களை யார் திருத்துவது? ஆகவே போட்டி கைவிடப்பட்டு, பாடல்களை மக்கள் விருப்பத்தின்படி வரிசைப்படுத்தும் முறை வந்தது. முதலிடம், இரண்டாம் இடம் என்று கூறாமல், 'முதற்படி, இரண்டாம் படி' என்று பொருள்படும் இந்திச் சொற்களால் அவர் அறிவித்தது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இந்த வரிசையை எப்படித் தீர்மானித்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையைக் கேட்டறிந்தார்கள். ஆனால் கடையில் தட்டுகள் தீர்ந்துவிட்டால், பலர் விரும்பும் பாடலும் கணக்கில் வராமல் போகுமே! அதனால் ஊர்தோறும் தோன்றியிருந்த நேயர் சங்கங்களின் கருத்தையும் கேட்டார்கள். சங்கத்தின் கருத்தை அனுப்ப வேண்டுமானால் முதலில் உறுப்பினர்கள் ஒன்றுகூட வேண்டும். பாடல்களைக் கேட்க வேண்டும். ஏன் இது சிறந்தது என்று வாதாட வேண்டும். இறுதியில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஆம், நாம் வெள்ளிக்கிழமை செய்வதை அவர்கள் அன்றே செய்தார்கள்!

ஒரு சிற்றூரின் புகழ்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஜும்ரி தலையா என்றோர் ஊர் உண்டு. மைக்கா எனப்படும் அப்பிரகச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் அது. ஆயினும் நாடெங்கும் அதன் பெயரைப் பரப்பியது மைக்கா அன்று, அஞ்சலட்டை! அவ்வூர் நேயர்கள் தமக்குப் பிடித்த பாடலைக் கேட்டு ஓயாமல் வானொலிக்கு எழுதினார்கள். ஒரே அட்டையில் தம் பெயரோடு வீட்டார், நண்பர் பெயர்களையும் எழுதி அனுப்பினர். பாடலுக்கு முன் அப்பெயர்களும் ஊரின் பெயரும் வாசிக்கப்படும். அப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா என்று சிலர் ஐயுறும் அளவுக்கு அப்பெயர் அடிக்கடி ஒலித்ததாம்.

பாடலை எப்படியும் ஒருநாள் ஒலிபரப்புவார்கள். பின் ஏன் அட்டை எழுத வேண்டும்? "இது எனக்குப் பிடித்த பாடல்; உங்களுக்கும் கேட்கட்டும்" என்று சொல்லும் ஆவல் மனித இயல்பு. பாடலோடு தம் பெயரும் சென்று சேரும்போது, முகமறியாதவர்களுக்கு ஒரு பரிசு கொடுத்த நிறைவு அவர்களுக்குக் கிடைத்தது.

தமிழ் நேயர்கள்

தமிழகத்து நேயர்களும் இதில் பின்தங்கவில்லை. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களான எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை நம் தாத்தா பாட்டிமார் இன்றும் மறக்கவில்லை. 'இசையும் கதையும்' என்ற நிகழ்ச்சியில், நேயர்கள் தாமே ஒரு கதை எழுதி, அதற்கு ஏற்ற பாடல்களையும் இடையிடையே குறித்து அனுப்புவார்கள். 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியோ கேட்பவர்களையே பாடகர்களாக்கியது.

இந்தியாவில் அரசும் மக்கள் மனத்தைப் புரிந்து கொண்டது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டது. திரைப்பாடல்களுக்கும் மெல்லிசைக்கும் அதில் இடம் கிடைத்தது. பினாக்கா கீத்மாலாவும் பிற்காலத்தில் விவித பாரதிக்கே வந்து, 1994 வரை ஒலித்தது. தடையால் ஆகாதது இசைவால் ஆயிற்று.

நம் மன்றத்தின் முறை

நம் மன்றத்தின் முறை எளியது. வாரத்துக்கு ஐந்து பேர். ஆளுக்கு ஒரு பாடல். பள்ளிக்குள் கைபேசி கிடையாது. ஆகவே பாடத் தெரிந்தவர்கள் பாடுவார்கள். மற்றவர்கள் முன்னதாகப் பெயரைக் கொடுத்தால் இசை ஆசிரியை ஒலிக்கச் செய்வார். அந்தப் பாடல் ஏன் பிடிக்கும் என்று பாடலுக்கு முன் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். பாடல் முடியும்வரை பேசுவதோ சிரிப்பதோ கூடாது. இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் மூவரின் பெயரையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இந்தப் பழக்கத்தை நாம் வானொலி அறிவிப்பாளர்களிடமிருந்தே கற்றோம். பாட்டுக்குப் பின்னே உழைத்தவர்களுக்குச் செய்யும் நன்றி அது.

இதனால் விளைந்த நன்மைகள் பல. நம் ஊரோடு தொடர்புடைய அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாடிய ஒரு தோழியால், தமிழில் தாளம் எத்தனை வகையாகத் துள்ளும் என்று அறிந்தோம். நாகூர் ஈ.எம். அனிபாவின் கம்பீரக் குரலை மற்றொரு தோழி அறிமுகம் செய்தாள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். எல்லாச் சமயத்தாரும் பாடுவதற்கென்றே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' இயற்றியவர். கச்சேரி மேடைகளில் இன்றும் பாடப்படும் பாடல்கள் அதில் உள்ளன என்பதை இந்த மன்றத்தில்தான் பலர் தெரிந்து கொண்டோம்.

ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி, பல வாரங்கள் தன் முறையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து வந்தாள். "எனக்குச் சினிமாப் பாட்டெல்லாம் அவ்வளவாகத் தெரியாது" என்பாள். பிறகு ஒருநாள், சாமை அறுக்கும்போது தன் பாட்டி பாடும் பாட்டைப் பாடினாள். அது எந்தக் கைபேசியிலும் இல்லாத பாட்டு. இயற்றியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று திகைத்தோம். "எங்கள் ஊர்ப் பெண்கள்" என்று எழுதச் சொன்னாள். அப்படியே எழுதினோம். அதன்பின் அவளிடம் மலையைப் பற்றியும் அறுவடையைப் பற்றியும் நாங்கள் கேட்காத கேள்வியில்லை. நான்கு ஆண்டுகளாக ஒரே வகுப்பில் இருந்தும் தெரியாதவற்றை ஒரு பாட்டு எங்களுக்குத் தெரிவித்தது.

பெற்றோர் ஐயம்

"மாணவியர் சினிமாப் பாடல் கேட்கலாமா?" என்று பெற்றோர் சிலர் கேட்பது நியாயமே. எல்லாப் பாடலும் நல்ல பாடல் ஆகாது. ஆனால் தனியே காதில் மாட்டிக் கேட்கும்போது நம்மை எவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மன்றத்திலோ ஆசிரியையும் அருட்சகோதரியும் தோழியரும் அமர்ந்திருக்க, "இது ஏன் எனக்குப் பிடிக்கும்?" என்று எழுந்து நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் சொல்ல நாணும் பாடலை எவளும் கொண்டு வருவதில்லை. தடை போட்டால் முள் கொழும்புக்குத் திரும்பும் என்பதை வரலாறு காட்டிவிட்டது. பகிர்ந்து, காரணம் கூறி, பிறர் விருப்பத்தையும் பொறுமையாகக் கேட்கும்போதுதான் ரசனை தானே உயர்கிறது.

அன்புத் தோழியரே! நமக்குப் பிடித்த பாடலைச் சொல்வது எளிது. பிறருக்குப் பிடித்ததை முழுவதும் கேட்பதே பண்பு. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அம்மாவிடமோ பாட்டியிடமோ, "உங்களுக்குப் பிடித்த பாட்டு எது? ஏன்?" என்று கேளுங்கள். இடையில் பேசாமல் கேளுங்கள். பின்னர் அதை நம் மன்றத்துக்குக் கொண்டு வாருங்கள். குறிப்பேட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் இருக்கின்றன.

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு