நூறு சதவீத டிவிடெண்டில் நண்பருக்குக் கிடைத்தது என்ன?

மும்பை:
2024 தசராவுக்கு ரயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் போனஸ் வந்தது; அதிகபட்சம் 17,951 ரூபாய். அந்தப் பணத்தில் எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒரு போக்குவரத்துக் கம்பெனியின் 60 பங்குகளை வாங்கினார். பங்கு ஒன்று 290 ரூபாய். அந்தக் கம்பெனி 100 சதவீத டிவிடெண்டு அறிவித்திருந்தது. போட்ட பணம் இரட்டிப்பாகும் என்று நினைத்துவிட்டார், பாவம்!

டிவிடெண்டு சதவீதம் கணக்கிடப்படுவது சந்தை விலைக்கு அல்ல, பங்கின் முகமதிப்புக்கு. அந்தப் பங்கின் முகமதிப்பு 2 ரூபாய். ஆகவே அவர் கைக்கு வந்தது 120 ரூபாய். பதிவுத் தேதியன்று பங்கு விலையும் பெரும்பாலும் டிவிடெண்டு அளவுக்கு இறங்கியே தொடங்கும். கம்பெனியின் பெட்டியிலிருந்து அந்தப் பணம் வெளியே போகிறதல்லவா? 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கான வரியும் வாங்குபவர் தலையில்தான்.

அப்படியானால் டிவிடெண்டினால் விலை ஏறுவதே இல்லையா? ஏறுவதுண்டு. தவறாமல் கொடுத்துவரும் கம்பெனி தொகையைக் கூட்டினால், இனிமேலும் லாபம் நிலைக்கும் என்று நிர்வாகம் நம்புவதாகச் சந்தை எடுத்துக்கொள்ளும். குறைத்தால் விலை அடிவாங்கும். ஆனால் லாரி, கப்பல் கம்பெனிகளில் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. டீசல் விலையும் சரக்குக் கட்டணமும் ஏறி இறங்க, லாபமும் ஆடும். பழைய வண்டிகளை மாற்றவும் பணம் வேண்டும். நல்ல ஆண்டில் எல்லாவற்றையும் பங்கு போட்டுவிட்டால் அடுத்த கப்பலுக்குக் கடன்தான்.

அரசுக் கம்பெனிகளின் கதை வேறு. 2024 நவம்பர் விதிப்படி மத்திய அரசு நிறுவனங்கள் நிகர லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்ச டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும். கொடுப்பது நிச்சயம், ஆனால் லாபம் எவ்வளவு என்பது சில சமயம் ஓர் உத்தரவில் இருக்கிறது. நம் ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி.யையே பாருங்கள். இணைய வழி டிக்கெட்டுக்கான வசதிக் கட்டணத்தில் பாதியை ரயில்வேக்குத் தர வேண்டும் என்று 2021 அக்டோபர் 28-ல் செய்தி வந்தது. மறுநாள் சந்தையில் பங்கு விலை கால் பங்கு போலச் சரிந்தது. அன்றே உத்தரவு வாபஸானதும் பெரும்பகுதி மீண்டது. டிவிடெண்டு பற்றி அன்று யாரும் பேசவில்லை.

இன்னொன்று. பதிவுத் தேதியன்று வாங்குபவருக்கு அந்த டிவிடெண்டு கிடையாது. முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். நம் நண்பர் அந்த மட்டில் தேதியைத் தவறவிடவில்லை.