களைத்த மனமும் காட்டு நிழலும்

ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர் பலர். விடியலுக்கு நெடுநேரம் முன்பே எழுந்து, 1924ஆம் ஆண்டு முறையாகத் திறக்கப்பெற்ற கடற்பாலத்தின் வாயிலில் வரிசையில் நின்று, பகல் முழுதும் உழைத்து, இருட்டிய பின் மறுபடியும் வரிசையில் நின்று வீடு திரும்புகின்றனர். விடுமுறை நாளில் பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அவர்களுக்குச் சோர்வு நீங்குவதில்லை. சிறு சொல்லுக்கும் சினம் வருகிறது. உடம்பு ஓய்ந்துவிட்டது, மனம் ஓயவில்லை. இதன் காரணத்தை உளநூலார் நன்கு ஆராய்ந்துள்ளனர்.

நமது கவனம் இருவகைப்படும் என்று 1890இலேயே வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். ஒன்று, நாமாக முயன்று செலுத்துவது. மற்றொன்று, பொருளே நம்மை ஈர்ப்பதால் தானே செல்வது. கணக்கெழுதுபவனுக்கும் கனரக வண்டி ஓட்டுபவனுக்கும் வேண்டுவது முதல்வகைக் கவனம். அது ஒன்றை நோக்குவது மட்டுமன்று. குறுக்கிடும் நூறு பொருள்களை விலக்கித் தள்ளுவதுமாகும். இவ்வாறு விலக்கும் ஆற்றலே விரைவில் களைத்துப்போகிறது. ஸ்டீபன் காப்ளான், ரேச்சல் காப்ளான் என்னும் தம்பதியர் 1989இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரிவாக வளர்த்தனர். இலையசைவும், நீரோசையும், நிழலின் ஆட்டமும் கண்ணையும் செவியையும் மெல்லத் தொட்டு இழுக்கின்றன; எதையும் விலக்க வேண்டிய தேவை எழுவதில்லை. ஆகவே, களைத்த ஆற்றல் சற்றே படுத்து இளைப்பாறுகிறது. அப்படியானால் திரைப்படமும் கைப்பேசியும் கவனத்தை ஈர்க்கவில்லையா எனின், ஈர்க்கின்றன. ஆனால், பற்றிக்கொண்டு விடுவதில்லை. நம்முடைய சொந்த நினைவுக்கு அவை இடம் தருவதில்லை என்பதே வேறுபாடு.

இது வெறும் ஊகமன்று. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டு, 1984இல் முடிவை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்து 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, வாரத்தில் 120 நிமிடமேனும் இயற்கைச் சூழலில் கழித்தோர் உடல்நலமும் மனநிறைவும் உடையவராகத் தம்மைக் கூறிக்கொண்டனர் என்றது. நலமுடையோரே மிகுதியாக வெளியே செல்லலாம் அல்லவா? ஆதலின், இந்த இரண்டாவது ஆய்வைச் சற்று நிதானத்துடன் ஏற்பதே முறை. தீராத மனச்சோர்வு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய நோய். தம்போயிலுள்ள பெர்மாய் மருத்துவமனை அதற்காகவே உள்ளது. காடு அதற்கு மாற்றாகாது.

ஜொகூர்த் தமிழருக்குக் காட்டோடுள்ள உறவு விந்தையானது. முதலில் வந்தோருக்குக் காடு என்பது அமைதி தரும் இடமாக இருக்கவில்லை. அது வெட்டி வீழ்த்த வேண்டிய பகை. மலேரியாவும், அட்டையும், புலியும் குடியிருந்த இடம். பின்னர் அங்கே ரப்பர் நிரைகள் எழுந்தன. தோட்ட வாழ்க்கையை இன்பமயமாகப் புனைந்துரைப்பவர், விடியற்காலைப் பெரட்டில் நின்றறியாதவர். ஆயினும், லயத்தின் பின்னே முருங்கையும், ஆற்றங்கரையும், மரத்தடியில் முனியாண்டியும் இருந்தன. மாலையில் திண்ணையில் அமர்ந்தவன் எதிரே பசுமையே தெரிந்தது. அதற்கு அவன் காசு கொடுக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாக மாறியபோது இழந்த வீட்டையும், பள்ளியையும், கோயிலையும் மக்கள் கணக்கிட்டனர். இந்த மாலைப் பசுமையை எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. அடுக்குமாடியில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு அது தேடிச் செல்ல வேண்டிய பொருளாகிவிட்டது.

தேடுவோருக்கு ஜொகூரில் குறைவில்லை. தங்காக் அருகே 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையில் 1854இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் ஏறினார். ஆர்கஸ் என்னும் பெரும்பறவையின் குரல் அங்கே இடைவிடாது கேட்டது. பறவையோ கண்ணில் படவில்லை. இருபதாண்டுகளாக அக்காடுகளில் வேட்டையாடிய முதிய மலாய்க்காரர் ஒருவரும், பிடிபட்ட பறவையையன்றிக் காட்டில் அதைக் கண்டதில்லை என்றாராம். காட்டில் செவிக்கே வேலை மிகுதி. குளுவாங்கில் லம்பாக் மலையும், பகாங் எல்லையில் எண்டாவ்-ரொம்பின் பெருங்காடும், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயில் சதுப்புநிலக் காடும் உள்ளன.

நம்மவர் இங்கெல்லாம் போகாமலில்லை. பேருந்து பிடித்து, பிரியாணி அண்டாவும் ஒலிபெருக்கியும் ஏற்றி, கோத்தா திங்கி அருவிக்குச் சென்று, போனபோதிருந்ததைவிடக் களைத்துத் திரும்புகின்றனர்! அதுவும் ஓர் இன்பமே. ஆனால், இங்குப் பேசப்படும் ஓய்வு அதுவன்று. அதற்கு வேண்டுவது காலை வேளையும், மெதுவான நடையும், பையில் அடங்கிக் கிடக்கும் கைப்பேசியும்தாம். முதல் பத்து நிமிடம் மேலதிகாரி சொன்ன சொல்லே மனத்தில் சுழலும். அதை விரட்டவும் முயல வேண்டியதில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயிலில் குளிப்போரையும் திடீரென அடித்துச் சென்றுவிடும். எண்டாவ்-ரொம்பினை அம்மாதங்களில் மூடிவிடுவது வழக்கம். அப்போது ஜொகூர் பாரு நகருக்குள்ளேயே இருக்கும் 'ஹுத்தான் பண்டார்' என்னும் நகரக்காடு போதும்; மழை விட்ட மாலையில் அங்கே அரைமணி நேரம் நடக்கக் குடை ஒன்றே தேவை.