எரியும் பரப்பே கணக்கு

கொழும்பிலிருந்து வந்த புகையிரதப் பாதை 1867இல் கண்டியை எட்டியது. அல்பிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான் என்பதால், அப்பாதையின் கடுகண்ணாவை ஏற்றத்தின் சுரங்கங்களுக்காகப் பாறையைப் பிளந்தது வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கருமருந்தே என்று கொள்ளலாம். வெடியுப்பு மலைநாட்டுக்குப் புதிதன்று. கண்டி இராச்சியத்தின் குகைகளில் அது எடுக்கப்பட்ட விதத்தை ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்திருக்கிறார். எரிதலுக்கு வேண்டிய ஒட்சிசனை அவ்வுப்பே தன்னுள் கொண்டிருப்பதால், அடைத்து மூடிய பாறைத் துளைக்குள்ளும் மருந்து எரிகிறது. காற்றில்லாத விண்வெளியில் திண்ம எரிபொருள் ரொக்கெட் இயங்குவதற்கும் காரணம் இதுவே.

ஆனால் பாறைத் துளையில் தீ மருந்து மணிகளின் இடுக்குகளினூடே பாய்ந்து கணத்தில் எல்லாவற்றையும் எரித்துவிட, ரொக்கெட்டிலோ அது மேற்பரப்பில் மட்டும் நின்று படலம் படலமாக உள்நோக்கி நகர வேண்டும். ஆகவே ஒட்சிசன் தரும் அமோனியம் பேர்குளோரேற்று, வெப்பம் கூட்டும் அலுமினியத் தூள், இவற்றைப் பிணைப்பதோடு தானும் எரியும் ரப்பர்ப் பிசின் ஆகியவை குழைக்கப்பட்டு, நடுவில் நீளவாக்கில் ஒரு துளை மட்டும் விட்டு, இடுக்கேயில்லாத ஒரே திணிவாக வார்க்கப்படுகின்றன.

பெரிய ரொக்கெட்டில் தீமூட்டியே ஒரு சிறு ரொக்கெட்தான். அதன் சுடுவாயு நடுத்துளையின் சுவரைத் தாக்கியதும் மேற்பரப்பு சிதைந்து ஆவியாகி, அவ்வாவி பரப்புக்குச் சற்று மேலே தீப்பற்றுகிறது. அத்தீயின் வெப்பம் அடுத்த படலத்தைச் சிதைப்பதால் அதன்பின் தீமூட்டி தேவைப்படுவதில்லை. அமுக்கம் கூடினால் சுவாலை பரப்பை நெருங்கி எரிவேகமும் கூடும் என்றாலும், அது பொதுவாக செக்கனுக்குச் சில மில்லிமீற்றர் அளவிலேயே இருக்கும்.

வேகம் இவ்வாறு வரையறைப்பட்டிருப்பதால், எவ்வளவு பரப்பு எரிகிறது என்பதே உந்துவிசையைத் தீர்மானிக்கிறது. 2023 யூலை 14இல் சந்திரயான்-3ஐச் சுமந்த இந்திய ரொக்கெட்டின் இரு பக்கங்களிலும் இருந்த எஸ்-200 மோட்டார்கள் ஒவ்வொன்றும் 200 தொன்னுக்கு மேற்பட்ட எரிபொருளை ஏறத்தாழ 130 செக்கன்களில் எரிப்பவை. தொடக்கத்திலேயே பெரும் பரப்பு கிடைக்கும்படி அவற்றின் தலைப்பகுதியில் நடுத்துளை நட்சத்திர வடிவில் அமைக்கப்பட்டிருக்கிறது. திரவ எரிபொருள் இயந்திரத்தைப் போல் இதை இடையில் அடைக்க வால்வு ஏதுமில்லை; எந்தச் செக்கனில் எவ்வளவு விசை என்பது வார்ப்பின்போதே முடிவாகிவிடுகிறது. வார்ப்பில் ஒரு வெடிப்புக் கோடு விழுந்திருந்தால் தீ அதற்குள்ளும் புகுந்து, கணக்கில் இல்லாத பரப்பை எரித்து, உறையே பிளக்குமளவுக்கு அமுக்கத்தை உயர்த்திவிடக்கூடும் என்பதால், வார்த்த துண்டுகளை ஊடுகதிர் கொண்டு சோதிக்கிறார்கள்.