காரும் கைவைத்தியமும்

சளி பிடித்தால் மிளகுக் கஷாயம், வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர் என்று நம் பாட்டிமார் வீட்டிலேயே சிகிச்சை செய்துவிடுவார்கள். நெஞ்சு வலி என்றாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். எது கைவைத்தியத்தில் அடங்கும், எது அடங்காது என்று பிரித்தறிவதே அவர்களுடைய திறமை. வாசலில் நிற்கும் காருக்கும் இதே நியாயம் பொருந்தும்.

காரைப் பழுது பார்ப்பது ஆண்களின் வேலை என்று எண்ணுகிறீர்களா, தோழியரே? 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில், தம் மகன்கள் இருவருடன் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தரச் சொன்னார். கார் மெக்கானிக் என்று ஒருவர் உலகில் தோன்றாத காலம் அது!

கிளம்ப மறுக்கும் கார்

சாவியைத் திருப்பியதும் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக், டிக்' என்ற ஒலி மட்டும் வந்து, விளக்கும் மங்கினால், பாட்டரி சோர்ந்திருக்கிறது என்று பொருள். பானெட்டைத் திறந்து பாட்டரியின் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். கையுறை அணிந்து, முதலில் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும், பிறகு பிளஸ். காரின் உடல் முழுதும் மைனஸோடு இணைந்திருப்பதால், பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவுக்குப் பொறியே பகை. ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் பழைய பல் பிரஷை நனைத்துத் தேய்த்து, உலரத் துடைத்து, பிளஸை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் மாட்டுங்கள்.

ரிச்சி தெருவில் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் ஊகத்துக்கு இடமில்லை. ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் குற்றம் பெரும்பாலும் பாட்டரியில் இல்லை. அதற்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கும். அப்போது புது பாட்டரி வாங்குவது வீண் செலவு.

எஞ்சின் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் முதலில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். அடுத்து பியூஸ் பெட்டி. பியூஸின் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் எண் கொண்ட வேறொன்றைப் போடலாம். 15 இருந்த இடத்தில் 30 போடுவதும், கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுவதும் கூடாது. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

சூடு ஏறினால்

சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்! பிரஷர் குக்கரின் கதைதான் இங்கேயும். அழுத்தம் கூடும்போது நீரின் கொதிநிலையும் 100 டிகிரியைத் தாண்டி உயர்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, உள்ளிருக்கும் நீர் கொதித்து முகத்தில் பீறிடும். முழுதும் ஆறிய பிறகே கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும்.

தரையில் தெரியும் நோய்

காலையில் காருக்கு அடியில் ஈரம் தெரிகிறதா? ஒரு வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். நிறமற்ற நீர் ஏ.சி.யின் வியர்வை, கவலை வேண்டாம். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட். அது விஷம், நாய் பூனை நக்காமல் கழுவிவிடுங்கள். கறுப்புப் பிசுக்கு எஞ்சின் ஆயில். சக்கரத்தின் அருகே இளமஞ்சள் வழுவழுப்பு என்றால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்தக் காரைத் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது.

டயர் பஞ்சரானால் சமதரையில் கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, காரைத் தூக்கும் முன்பே நட்டுகளைச் சிறிது தளர்த்துங்கள். ஸ்டெப்னியை மாட்டிய பின் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவது.

மழைக்காலப் பாடம்

தரமணி, வேளச்சேரிவாசிகளுக்கு இது மிக முக்கியம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இப்பகுதி தாழ்வானது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இங்குள்ளவர்கள் மறக்க முடியுமா? 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. அடிபட்டவர் கற்ற பாடம் அது.

நீரில் நின்ற காரை, வெள்ளம் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்க எவருக்கும் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள்! காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடியும் செலவு இலட்சத்தைத் தொடும். பல காப்பீட்டுப் பத்திரங்களில், எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய இதற்கு இழப்பீடு கிடைப்பதில்லை. ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த காபிபோல் இருந்தால் நீர் புகுந்துவிட்டது. ஆயில் தெளிவாக இருந்தாலும் இழுவை வண்டியை அழைப்பதே அறிவுடைமை.

கை எங்கே நிற்க வேண்டும்?

பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் ஆகியவை கைவைத்தியத்துக்கு அப்பாற்பட்டவை. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது. அவற்றில் பாய்வது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் விரைவில் காட்ட வேண்டும்.

சிறு வகுப்புத் தங்கையர் கண்டதையும் கேட்டதையும் சொன்னாலே போதும். ஸ்பானரைப் பெரியவர் கையில் விடுங்கள். பெற்றோர்களே, மாதம் ஒரு நாள் பானெட்டைத் திறக்கும்போது மகளையும் அருகே அழையுங்கள். நள்ளிரவில் தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் அவசரத்தில் கார் முரண்டு பிடித்தால், 'டிக், டிக்' ஒலியின் பொருள் தெரிந்த ஒருத்தி வீட்டில் இருப்பது எத்தனை பெரிய துணை!